வியட்நாமிய உணவகத்தில் சாப்பிடப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய அலங்காரம் எதுவும் இல்லாத, குடும்பமாக நடத்தும் சின்ன வியட்நாமியக் கடைகளைப் பற்றியது இது. வெளியே நின்று மெனுவைப் பார்த்துவிட்டு, 'இதில் எதை எப்படிக் கேட்பது' என்று தயங்கித் திரும்பியவர்கள் என் நண்பர்களிலேயே பலர். அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் சமையல்காரன் இல்லை, விடாமல் போய்ச் சாப்பிடுகிறவன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடைகளில் சமையல் அடுப்படியோடு முடிவதில்லை. கடைசிக் கால்பங்கு வேலையை உங்கள் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். அது புரியாமல் சாப்பிட்டுவிட்டு 'என்ன இது, சப்பென்று இருக்கிறதே?' என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

மெனுவில் நூற்றுக்கும் மேல் ஐட்டம் இருக்கிறதே, எங்கிருந்து தொடங்குவது?

நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். பத்துப் பதினைந்து அடிப்படை உணவுகளையே இறைச்சியை மாற்றி மாற்றி எழுதியிருப்பார்கள். சில சொற்கள் தெரிந்தால் பாதி மெனுவைப் படித்துவிடலாம். ஃபோ என்றால் தட்டையான அரிசி நூடுல்ஸ் போட்ட சூப். பூன் என்றால் உருண்டையான, மெல்லிய அரிசி நூடுல்ஸ். சூப்பிலும் வரும், சூப் இல்லாமலும் வரும். மீ கோதுமை நூடுல்ஸ். கம் சோறு. பான் என்று தொடங்கினால் மாவில் செய்த ஏதோ ஒன்று: ரொட்டியாக இருக்கலாம், ஆவியில் வெந்ததாக இருக்கலாம், பொரித்ததாகவும் இருக்கலாம். அப்புறம் போ மாடு, கா கோழி, ஹெயோ பன்றி, தோம் இறால், சாய் சைவம்.

உச்சரிப்பு வராவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இருக்கும். "பதினேழு ஒன்று, நாற்பத்திரண்டு ஒன்று" என்றால் போதும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதற்காகத்தானே எண் போட்டிருக்கிறார்கள்.

முதல் முறை போகும் இருவருக்கு என் யோசனை: ஒரு ஃபோ, ஒரு பூன், நடுவில் ஒரு தட்டு கோய் குவோன், அதாவது பொரிக்காத அரிசித்தாள் ரோல். இதற்கு மேல் கேட்டால் மிஞ்சும்.

ஃபோ என்று சொல்வது சரியா?

எழுதுவதற்குச் சரி. சொல்லும்போது வாயை 'ஓ' என்று குவிக்காமல், 'ஃப' என்பதை இழுத்து, கேள்வி கேட்பதுபோலக் குரலைக் கொஞ்சம் இறக்கி ஏற்ற வேண்டும். வியட்நாமிய மொழியில் வடக்கத்திப் பேச்சில் ஆறு தொனிகள் உண்டு. தொனி மாறினால் பொருள் மாறும். இதே எழுத்துகளை வேறு குறியோடு எழுதினால் 'தெரு' என்று ஆகிவிடும். ஆனாலும் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் தெருவைக் கேட்பதாக யாரும் நினைக்கப் போவதில்லை.

ஃபோவில் அப்படி என்ன விசேஷம்? சூப்தானே?

சூப்தான். அந்தச் சூப்புக்குத்தான் கடைக்காரர் தூக்கத்தை விடுகிறார். மாட்டெலும்பைப் பல மணி நேரம், பல கடைகளில் இரவு முழுக்க, சிறு தீயில் வைத்துக் காய்ச்சுவார்கள். இஞ்சியையும் வெங்காயத்தையும் தோல் கருகும்வரை நெருப்பில் சுட்டுப் போடுவார்கள். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கொத்தமல்லி விதை, புகைவாசம் கொண்ட ஒரு வகைப் பெரிய ஏலக்காய் எல்லாம் வறுபட்டு உள்ளே போகும். மேலே வரும் நுரையை விடாமல் எடுத்துக்கொண்டே இருப்பதால்தான், இவ்வளவு சேர்ந்தும் சூப் தெளிவாக இருக்கிறது. கிண்ணத்தின் அடி தெரிகிறதா என்று பாருங்கள். கலங்கியிருந்தால் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள்.

இது பழங்காலத்து உணவு இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோய், நாம் டின் பகுதிகளில் உருவானது. அதற்கு முன் வியட்நாமில் மாடு பெரும்பாலும் உழவுக்குத்தான். ஆட்சி செய்த பிரெஞ்சுக்காரர்கள் மாட்டிறைச்சி கேட்க, வெட்டிய மாட்டின் எலும்பு மலிவாகக் கிடைக்க, தோளில் காவடித்தூக்கு சுமந்து தெருவில் விற்றவர்கள் அதைச் சூப்பாக்கினார்கள்.

ஃபோ பட்டியலில் தாய், சின், நாம், கௌ என்றெல்லாம் எழுதியிருக்கிறதே?

மாட்டின் எந்தப் பகுதி, எந்தப் பக்குவம் என்பதன் பெயர்கள். தாய் என்பது தாள்போலச் சீவிய பச்சை இறைச்சி. கொதிக்கும் சூப்பை மேலே ஊற்றியதும் கிண்ணத்திலேயே அரைவேக்காடாகிறது. சின் நன்கு வெந்தது. நாம் விலாப்பக்கத்துச் சதை, கௌ கொழுப்புள்ள நெஞ்சுக்கறி. கன் என்பது ஜவ்வுபோல் வெந்த தசைநாண், சாக் இரைப்பையின் மடிப்பு, போ வியன் இறைச்சி உருண்டை. எல்லாம் கலந்து வேண்டுமென்றால் 'டாக் பியெத்', அதாவது ஸ்பெஷல்.

அரைவேக்காடு வேண்டாம் என்பவர்களும், கர்ப்பிணிகளும், சின்னக் குழந்தைக்கு வாங்குகிறவர்களும் சின் என்று கேளுங்கள். தாய் வாங்கிவிட்டால் இறைச்சியை உடனே சூப்புக்குள் அமுக்கிவிடுங்கள். மேலே கிடந்தால் சிவப்பாகவே இருக்கும்.

சில கடைகளில் கிண்ணத்தின் அளவைச் சின்னது, பெரியது என்று சொல்லிவிட்டு மூன்றாவதாக 'ஸே லுவா' என்று போட்டிருப்பார்கள். அதற்கு ரயில் வண்டி என்று பொருள். பெயரைக் கேட்டதும் அளவு புரிந்திருக்கும்.

ஒரு தட்டு நிறைய இலையும் முளைப்பயறும் கொண்டுவந்து வைக்கிறார்கள். அலங்காரமா?

அலங்காரமே இல்லை. கால்பங்கு வேலை என்றேனே, அது இதுதான். அந்தத் தட்டைத் தொடாமல் எழுந்து போனால் பாதிச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

தட்டில் வழக்கமாக இருப்பவை: ஊதாத் தண்டோடு சோம்பு வாசம் வீசும் தாய்லாந்துத் துளசி, ஓரம் முழுக்க ரம்பப்பல் போட்ட நீள இலை, அதன் பெயர் ங்கோ காய், கொத்தமல்லி வாசத்தைவிட இரண்டு மடங்கு அழுத்தம், எலுமிச்சைத் துண்டு, பச்சை மிளகாய் வளையம், நீளமாக வெளுத்த முளைப்பயறு. பூன் வகைகளுக்கும் ரோல்களுக்கும் புதினா, ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் ஊதாவுமான தியா தோ, மிளகுக் காரம் கொண்ட ராவ் ராம் ஆகியவையும் சேரும்.

முதலில் எதையும் போடாமல் சூப்பை மட்டும் இரண்டு கரண்டி குடியுங்கள். இரவெல்லாம் காய்ச்சியதற்கு அந்த மரியாதையாவது கொடுக்க வேண்டும். அதோடு என்ன குறைகிறது என்று தெரிந்தால்தானே எதைச் சேர்ப்பது என்று தெரியும். அப்புறம் இலைகளைத் தண்டிலிருந்து உருவி, கையாலேயே இரண்டாகக் கிள்ளிப் போடுங்கள். கிள்ளும்போதுதான் வாசம் கிளம்பும். முழுதாகப் போட்டால் வாயில் பழைய துணி மாதிரி ஒட்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டாதீர்கள். கொஞ்சம் போட்டு, அது வாடுவதற்குள் சாப்பிட்டு, மறுபடி கொஞ்சம். முளைப்பயறு பச்சையாக நறநறவென்று இருப்பது பிடிக்காதவர்கள், வெந்நீரில் காட்டித் தரச் சொன்னால் தருவார்கள்.

சில கடைகளில் இந்த இலைத்தட்டே வராது. கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், அது வடக்கத்திப் பாணிக் கடையாக இருக்கலாம். ஹனோய்க்காரர்கள் வெங்காயத்தாள், பூண்டு ஊறிய வினிகர், மிளகாய், தொட்டுக்கொள்ள குவாய் என்ற பொரித்த மாவுக்குச்சி, இவ்வளவோடு நிறுத்திக்கொள்வார்கள். 1954இல் ஜெனீவா உடன்பாட்டின்படி நாடு வடக்கு, தெற்கு என்று பிரிந்தபோது எட்டு முதல் பத்து லட்சம் பேர் வடக்கிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தார்கள். அவர்களோடு ஃபோவும் தெற்கின் பெருநகரான சைகோனில் பெரிதாகப் பரவியது. தெற்கே இலை தழைகளுக்குப் பஞ்சமில்லை, நாக்குக்கும் கொஞ்சம் இனிப்பு வேண்டும். இன்று உலகெங்கும் நாம் பார்க்கும் இலைத்தட்டும் சாஸ் பாட்டில்களும் அந்தத் தெற்கத்திப் பழக்கம். எது உசத்தி என்று இரு பக்கத்தாரும் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் இலை பக்கம்.

மேசையில் உள்ள சாஸ்களை எதில் ஊற்றுவது?

நான் முதல் முறை போனபோது பழுப்புச் சாஸையும் சிவப்புச் சாஸையும் தாராளமாகச் சூப்பில் பிழிந்து, கலக்கி, ஒரு செம்மண் குளத்தை உண்டாக்கினேன். கல்லாவில் இருந்த அம்மா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளங்கை அளவு காலித் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் போனபோது, ஆர்டர் எடுக்கும் முன்பே அந்தத் தட்டு வந்துவிட்டது.

அந்தத் தட்டில்தான் சாஸ். பழுப்பு நிறத்தில் கெட்டியாக இனிப்பது ஹாய்ஸின், சோயாவில் செய்தது. சிவப்பு ஸ்ரீராச்சா, மிளகாய்ச் சாஸ். இரண்டையும் அருகருகே பிழிந்து, கிண்ணத்திலிருந்து எடுக்கும் இறைச்சியை அதில் தொட்டுச் சாப்பிடுங்கள். சூப்புக்கு எலுமிச்சையும் மிளகாயும் போதும். சூப்பிலேயே ஊற்றிச் சாப்பிடும் வியட்நாமியர்களும் ஏராளம், அது குற்றம் ஒன்றுமில்லை. ருசி பார்க்கும் முன்பே ஊற்றுவதுதான் எனக்குப் பொறுக்காது.

ஸ்ரீராச்சா என்ற பெயர் தாய்லாந்தின் சி ராச்சா ஊரிலிருந்து வந்தது. ஆனால் பச்சை மூடியும் சேவல் படமும் போட்ட பாட்டில் அமெரிக்கச் சரக்கு. வியட்நாமில் பிறந்து அகதியாக வந்த டேவிட் டிரான் 1980இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய நிறுவனம் அது. தான் ஏறிவந்த ஹுவே ஃபாங் என்ற கப்பலின் பெயரையே நிறுவனத்துக்கும் வைத்தார்.

நூடுல்ஸ் வழுக்குகிறது. எப்படிச் சாப்பிடுவது?

வலது கையில் சாப்ஸ்டிக், இடது கையில் அகலக் கரண்டி. நூடுல்ஸைத் தூக்கிக் கரண்டியில் சுருட்டி வைத்து, மேலே ஒரு துண்டு இறைச்சி, ஒரு இலை வைத்து வாயில் போடுங்கள். உறிஞ்சும் சத்தம் வந்தால் வரட்டும். முள்கரண்டி கேட்டாலும் கொடுப்பார்கள். சாப்ஸ்டிக்கும் கரண்டியும் பெரும்பாலும் மேசை ஓரத்து டப்பாவிலேயே இருக்கும். ஒரு டிஷ்யூவால் துடைத்துவிட்டு எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஒன்றை மட்டும் தவிருங்கள். சோற்றில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஏற்றும் ஊதுவத்தி போலத் தெரியும்.

பேசிக்கொண்டே ஆறப்போடவும் கூடாது. அரிசி நூடுல்ஸ் சூப்பைக் குடித்து ஊதிக்கொண்டே போகும். கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் கிண்ணத்தில் சூப் இருக்காது.

சூப் வேண்டாம் என்றால்?

பூன் தித் நூங் கேளுங்கள். ஆறிய பூன் நூடுல்ஸ், கரியில் சுட்ட பன்றி இறைச்சி, அடியில் இலைகள், மேலே வறுத்த வேர்க்கடலைப் பொடி, பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் சாஸ். சாஸை மேலே ஊற்றி அடியோடு புரட்டிச் சாப்பிட வேண்டும். இதற்கு ஹனோய்ச் சொந்தக்காரன் பூன் சா. 2016 மே மாதம் அங்கே ஒரு சாதாரணக் கடையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, அப்போதைய அமெரிக்க அதிபர் பராக் ஒபாமாவும், ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு டிவி நிகழ்ச்சி நடத்திய சமையல்காரர் அந்தோணி போர்டேனும் சாப்பிட்டது இதைத்தான். அந்த மேசையைக் கடைக்காரர் பிறகு கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்.

சோற்று ஆள் என்றால் கம் தம். நெல் குத்தும்போது உடைந்த குருணையில் வடித்த சோறு. விலை போகாததை ஏழைகள் சமைத்துச் சாப்பிட்டது, இன்று சைகோனின் அடையாளம். சுட்ட பன்றி விலாத்துண்டு, முட்டைக் கட்டி, வெங்காயத்தாள் வதக்கிய எண்ணெய் எல்லாம் மேலே வரும்.

பான் செயோ என்பது அரிசி மாவில் மஞ்சள் சேர்த்து, இறாலும் முளைப்பயறும் உள்ளே வைத்து மடித்தது. மாவு சட்டியில் விழும் சத்தம்தான் 'செயோ'. அதைப் பிய்த்து, லெட்டூஸ் கீரையிலையில் இலை தழைகளோடு சுற்றி, சாஸில் முக்கிச் சாப்பிட வேண்டும். கை முழுக்க ஒழுகும். முதல் சந்திப்புக்கு உகந்த உணவு அல்ல.

பான் மீ, பிரெஞ்சு ரொட்டியின் வியட்நாமிய அவதாரம். ஊறுகாய் போட்ட கேரட்டும் முள்ளங்கியும், கொத்தமல்லித் தழை, மிளகாய், ஈரல் விழுது, இறைச்சி எல்லாம் உள்ளே. மேல் ஓடு நொறுங்கி மடியில் சிந்த வேண்டும். சிந்தாவிட்டால் அது காலையில் சுட்டு ஆறிப்போன ரொட்டி.

காரமாக இருக்குமா?

பெரும்பாலும் இல்லை. காரம் மேசையில் தனியாக இருக்கும். விதிவிலக்கு பூன் போ ஹுவே. பழைய தலைநகரான ஹுவேயின் சூப். எலுமிச்சைப்புல், மிளகாய் எண்ணெய், இறால் விழுது என்று அதட்டலாக வரும். உறைந்த ரத்தத் துண்டுகள் சில கடைகளில் அதில் உண்டு, வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கோய் குவோனும் சா யோவும் ஒன்றுதானா?

இரண்டும் ரோல். கோய் குவோன் பொரிக்காதது. கண்ணாடி போன்ற அரிசித் தாள் வழியாக இறாலின் சிவப்புக் கோடு தெரியும், வேர்க்கடலைச் சாஸில் தொட வேண்டும். சா யோ பொரித்தது. வடக்கே நெம் ரான் என்பார்கள். பொரித்ததை அப்படியே கடிக்காமல், உடன் வரும் கீரையிலையில் புதினாவோடு சுற்றி, மீன் சாஸில் முக்குங்கள்.

நான் சைவம். சாப்பிட ஏதாவது இருக்குமா?

இருக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். மெனுவில் 'சாய்' என்ற சொல்லைத் தேடுங்கள். பௌத்த மரபில் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுகிறவர்கள் அதிகம் என்பதால், சைவச் சமையல் அவர்களுக்குப் புதிதல்ல. டோஃபு, காளான் வைத்து அருமையாகச் செய்வார்கள். கடுமையான சாய் உணவில் பூண்டு, வெங்காயம்கூட இருக்காது.

சிக்கல் எங்கே என்றால், 'காய்கறி ஃபோ' என்று எழுதிவிட்டு எலும்புச் சூப்பிலேயே காய்கறியைப் போட்டுத் தரும் கடைகள் உண்டு. ஏமாற்று இல்லை, அவர்கள் கணக்கில் அது 'இறைச்சி இல்லாதது'. அதனால் இரண்டு கேள்வி கட்டாயம்: சூப் எலும்பில் செய்ததா? தொட்டுக்கொள்ளும் சாஸில் மீன் இருக்கிறதா? "தோய் ஆன் சாய்" என்றால் நான் சைவம். "கோங் நுவோக் மாம்" என்றால் மீன் சாஸ் வேண்டாம். முட்டை சாப்பிடாதவர்கள் அதையும் தனியாகச் சொல்லுங்கள்.

அந்த மீன் சாஸ் வாடை பழகுமா?

பாட்டிலை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நுவோக் மாம் என்பது நெத்திலியையும் உப்பையும் மரப்பீப்பாயில் ஏறக்குறைய ஒரு வருடம் ஊறவைத்து வடித்த நீர். ஃபு குவோக் தீவும் ஃபான் தியெத் என்ற கடலோர ஊரும் இதற்குப் பேர்போனவை. ஃபு குவோக் சாஸுக்கு 2012இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் கிடைத்தது. மேசைக்கு வருவது அதன் நேர் வடிவம் அல்ல. தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சை, பூண்டு, மிளகாய் கலந்த நுவோக் சாம்தான் வரும். அதில் வாடை அடங்கி உப்பும் புளிப்பும் இனிப்பும் மட்டும் நிற்கும்.

ஒவ்வாமை இருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

வேர்க்கடலை பல உணவுகளின் மேலே தூவியும், சாஸிலும் வரும். இறால், மீன் பொருள்கள் கண்ணுக்குத் தெரியாமல் விழுதாக இருக்கும். கோதுமை ஆகாதவர்களுக்கு அரிசி நூடுல்ஸ் சரி, ஆனால் ஹாய்ஸினிலும் சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. சமையலறை சின்னது, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய், ஒரே பலகைதான் இருக்கும். ஒவ்வாமை கடுமையாக இருந்தால் சாப்பிடாமல் விடுவதே நல்லது.

பணியாளரை எப்படிக் கூப்பிடுவது? பில்?

உறவுமுறையில் கூப்பிடுவார்கள். உங்களைவிடச் சின்னவர் என்றால் "எம் ஓய்", அண்ணன் வயது என்றால் "ஆன் ஓய்", அக்கா என்றால் "சி ஓய்". கொஞ்சம் உரக்கச் சொல்லலாம், கோபம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். பில் கேட்க "தின் தியென்". மேசைக்கு பில் வராவிட்டால் காத்திருக்காதீர்கள். கல்லாவுக்குப் போய் எந்த மேசை என்று காட்டிப் பணம் கொடுப்பதுதான் பல கடைகளில் முறை.

உணவுகள் ஒன்றாக வராது, எது தயாரோ அது வரும். முதலில் வந்தவர் சாப்பிடத் தொடங்கலாம்.

கடைப் பெயருக்குப் பின்னால் எண் ஏன்?

சிலது கதவு எண், சிலது ராசி எண். ஆனால் 54, 75 என்று பார்த்தால் அது வருடமாக இருக்கலாம். 54 நாடு பிரிந்த வருடம். 1975 ஏப்ரல் 30 வடக்கு வியட்நாமின் படைகளிடம் சைகோன் வீழ்ந்த நாள், அதன் பிறகுதான் பெரும் எண்ணிக்கையில் மக்கள் வெளியேறினார்கள். பில் கொடுக்கும்போது இதைப் பற்றிக் கேட்க வேண்டாம். பழகியபின் அவர்களே சொல்வார்கள்.

குடிக்க என்ன?

கா ஃபே சுவா டா. கிளாஸின் அடியில் கண்டென்ஸ்டு மில்க், மேலே ஃபின் என்ற சின்ன உலோக வடிகட்டி, சொட்டுச் சொட்டாக விழும் கருப்புக் காபி. சாப்பாட்டோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள், வடிய நேரமாகும். வடிந்ததும் கலக்கி ஐஸில் ஊற்றுங்கள். உலகக் காபி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு, பெரும்பகுதி ரொபஸ்டா என்ற கசப்பு மிகுந்த காபி வகை. அந்தக் கசப்புக்கு இவ்வளவு இனிப்பு வேண்டித்தான் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் குடித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். முட்டைக் காபி மெனுவில் இருந்தால் அதையும் பாருங்கள். 1946இல் ஹனோயில் பால் தட்டுப்பாட்டின்போது மஞ்சள்கருவை அடித்துச் சேர்த்ததில் பிறந்தது.

எந்த நேரத்தில் போவது நல்லது?

வியட்நாமில் ஃபோ முதன்மையாகக் காலை உணவு. கடை காலையில் திறந்தால் அப்போதே போங்கள், சூப் அப்போதுதான் முழு பலத்தோடு இருக்கும். இரவில் கடை மூடும் நேரத்துக்குப் போனால் தீர்ந்துவிட்டது என்பார்கள், அது நல்ல கடைக்கு அடையாளம். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் தெத் புத்தாண்டுக்குப் பல நாள் கடை பூட்டியிருக்கும்; போன் செய்துவிட்டுப் போங்கள்.

பார்சல் வாங்கலாமா?

வாங்கலாம். சூப் ஒரு டப்பா, நூடுல்ஸும் இறைச்சியும் ஒரு டப்பா, இலை ஒரு பையில் என்று பிரித்துத் தருவார்கள். வீட்டில் சூப்பைக் கொதிக்கக் கொதிக்கச் சுடவையுங்கள். மைக்ரோவேவில் வெதுவெதுப்பாக்கினால் தாய் இறைச்சி வேகாது. நூடுல்ஸ் கட்டியாக ஒட்டியிருந்தால் வெந்நீரில் பத்து நொடி அலசி, வடித்துக் கிண்ணத்தில் போட்டு, அதன் மேல் இறைச்சி, அதன் மேல் சூப். அந்தச் சின்னச் சாஸ் பொட்டலங்களைப் பையின் அடியில் தேடிப் பாருங்கள். இலைப்பைக்குள் ஒளிந்திருக்கும்.